சுவரைப் பார்த்த படம்

பட்டில் உருவம் போடுவது என் தொழில். மயில், யானை, அன்னம், தேர் என்று எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன், கிராப் போடுவது என்போம். அதை அட்டையில் துளைகளாகக் குத்தித் தறியின் மேலே மாட்டுவார்கள். துளைக்குத் தகுந்தபடி நூல் ஏறி இறங்க, புடவையில் மயில் வந்து உட்காரும். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு வழியனுப்பி வைத்தது. மற்றதெல்லாம் டீக்கடையிலும் பஸ்ஸிலும் பழைய புத்தகக் கடையிலும் படித்ததுதான். ‘கிராப் போடறவன் கண்ணுக்குக் கடவுளும் கட்டம்தான்’ என்று ஆரணியில் எங்களைக் கேலி செய்வார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை.

அப்படிப்பட்டவனிடம் ஒருவர் வந்து, உருவமே இல்லாமல் ஒரு துணி வேண்டும் என்றார்.

அவர் பம்பாய்க்காரர். இருபது முப்பது வருஷமாக எங்கள் ஊருக்கு வந்து பட்டு வாங்கிப் போகிறவர். வடக்கிலிருந்து யார் வந்தாலும் எங்களுக்குச் சேட்டுதான், அவரும் சேட்டுதான். அவர் யூதர் என்று எனக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான். அவர் மனைவி அதற்கு முந்தின வருஷம் இறந்திருந்தார். அந்த அம்மாள் நினைவாகத் தங்கள் ஜெபக்கூடத்தில், வேதச் சுருள் வைக்கிற அலமாரிக்கு முன்னால் தொங்கவிட ஒரு திரை நெய்து தரவேண்டும் என்றார்.

“கொடி போடு, இலை போடு, மாதுளம்பழம் போடு. முகம் மட்டும் வாணாம். ஆளு, பறவ, மிருகம் ஒண்ணும் வாணாம்” என்றார். வந்து போய்க் கற்ற தமிழ், நடுநடுவே இந்தி எட்டிப் பார்க்கும்.

“சாமி துணியில சாமி இல்லாமயா?” என்றேன்.

“சாமிய எப்பிடிப்பா போடுவ? பாத்தியா நீ?”

கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்று நம்மிடமும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போய் அபிஷேகத்துக்குப் பால் வாங்குவோம். நான் கொடியும் மாதுளையும் வரைந்து கொடுத்தேன். தங்கச்சி வீட்டுத் தறியில் அதை ஏற்றினோம்.

தங்கச்சி கட்டிக்கொண்டது எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையனை. ஆரணிக்கு நெசவு கற்றுக்கொள்ள வந்தவர். வந்த இடத்தில் எங்கள் வீட்டையும் கற்றுக்கொண்டார். எங்கள் அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. பேத்தி பிறந்ததும் தொட்டிலுக்கு அவரேதான் கொக்கி அடித்தார். தங்கச்சி ஞானஸ்நானம் வாங்கி, செபமாலை சொல்லி, எங்களைவிட நல்ல பக்தையாகிவிட்டாள். அவர்கள் வீட்டு நடுச்சுவரில் இயேசு படம் ஒன்று மாட்டியிருக்கும். நெஞ்சைத் திறந்து, முள் சுற்றிய இதயத்தை விரலால் காட்டுகிற படம். கையில் ஆணித் தழும்பு. படத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு, பகலும் இரவும் எரியும்.

சேட்டு வந்தால் அந்த வீட்டில் என் மருமகளுக்குக் கொண்டாட்டம். தங்கச்சிக்கு அவள் ஒரே பிள்ளை, அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். சேட்டுவின் தமிழைத் திருத்துவதை அவள் ஒரு வேலையாகவே வைத்திருந்தாள்.

“சேட்டு, உங்க சாமிக்கு மூஞ்சியே இல்லியாமே, மாமா சொன்னாரு.”

“இல்லம்மா.”

“அப்ப ஆதார் கார்டுக்கு எப்பிடி போட்டோ எடுப்பாரு?”

சேட்டு சிரித்துக்கொண்டே தன் செல்போனை எடுத்து வீட்டில் எடுத்த போட்டோ ஒன்றைக் காட்டினார். அவர் மனைவி இருந்த காலத்துப் படம். பின்னால் சுவரில் தாடிக்காரர் ஒருவர் நெருப்பு ரதத்தில் போகிற சித்திரம் மாட்டியிருந்தது. இவள் விடுவாளா?

“மாட்னீங்க. இது இன்னா?”

“அது சாமி இல்லம்மா. தீர்க்கதரிசி. சாமியோட ஆளு.”

“ஆளுக்குப் படம் இருக்குது, மொதலாளிக்கு இல்லியா?”

“மொதலாளி என்னிக்குமா வரிசையில நின்னு போட்டோ எடுத்துகினாரு?” என்றார் சேட்டு. தறிப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி மாப்பிள்ளை, ஊடுநூல் ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது போகவில்லை. வேலூருக்குக் கொண்டுபோனோம், ரத்தத்தில் நோய் என்றார்கள். தலைமுடி போனது, திரும்பவும் கொஞ்சம் முளைத்தது, அதுவும் போனது. தங்கச்சி ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தாள். நான் எங்கள் சாமிக்குக் காசு முடிந்து வைத்தேன். யாருடைய சாமியும் காது கொடுக்கவில்லை. பிள்ளை ஒரு விடியற்காலையில், தாயின் கையைப் பிடித்தபடியே போய்விட்டது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த தங்கச்சி நேரே நடுச்சுவருக்குப் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். படத்தைக் கழற்றி, இயேசுவின் முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினாள். அட்டை முதுகும், நாலு ஆணியும், கட்டின சணலும்தான் எங்களுக்குத் தெரிந்தன. பல்பை அவள் அணைக்கவில்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் என்னவென்று யோசிக்கவில்லை.

காலையில் எழுந்ததும் மாப்பிள்ளை படத்தை நேராகத் திருப்புவார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அது மறுபடி சுவரைப் பார்க்கும். இருவருக்கும் நடுவே சண்டை இல்லை, பேச்சே இல்லை. தறியும் நின்றது. சேட்டுவின் திரை பாதி நெய்தபடி தூசி படிந்து கிடந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் சும்மா வரவில்லை, ஆளுக்கொரு வார்த்தை கொண்டுவந்தார்கள். “ஆண்டவருக்குப் புடிச்ச பூவாம்மா, பறிச்சிகினாரு.” “அவரு சித்தம், நம்ம கையில இன்னா இருக்குது.” எங்கள் சொந்தக்காரர்களும் சளைக்கவில்லை. “முன்ஜென்மக் கணக்கு முடிஞ்சிது” என்றார் ஒரு பெரியம்மா. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது இதைத்தான். தங்கச்சி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். சாப்பாடும் பேருக்குத்தான். பெத்த மனம் பித்து என்பார்கள். பித்துப் பிடித்திருந்தால்கூட அழுது தீர்த்திருக்கும். இது உறைந்துபோயிருந்தது.

முப்பதாம் நாள் ஜெபம் வீட்டில் நடக்க வேண்டும். ஜெபம் சொல்லிக்கொடுக்க உபதேசியார் வருவார், கோயில் பங்கு ஜனங்கள் வருவார்கள், அந்தப் படத்துக்கு முன்னால்தான் எல்லாரும் முழங்கால் போடுவார்கள். மாப்பிள்ளை என்னிடம் வந்தார்.

“மச்சான், நீங்க சொன்னாதான் கேக்கும். சாமிய முதுவு காட்ட வெச்சிகினு எப்பிடி ஜெபம் பண்றது? ஊர்ல இன்னா பேசுவாங்க? அத வுடுங்க. அது இப்பிடியே சாமிய வுட்டுட்டா, பொண்ண எங்கன்னு போய் நெனைக்கும்? மோட்சத்துல இருக்குதுன்னுதான மனசத் தேத்திக்கணும்?”

அவர் பயம் எனக்குப் புரிந்தது. மகளைப் புதைத்தாயிற்று. மனைவி நம்பிக்கையைவிட்டே போய்விட்டால், மகள் போயிருக்கிற இடத்துக்கும் இவளுக்கும் வழியே இல்லாமல் போகும் என்று அவர் நினைத்தார். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். ஆனால் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது படம் போடுவது, அதைச் செய்தேன்.

பழைய படம்தான் அவளைப் பயமுறுத்துகிறது என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன். ரத்தம், முள், துளைபட்ட கை. பிள்ளையை ஊசியும் குழாயுமாகப் பார்த்த தாய்க்கு இது எதற்கு? அதனால் புதிதாக ஓர் இயேசுவை வரைந்தேன். காயம் இல்லை, முள் இல்லை, முகத்தில் நல்ல சிரிப்பு. உதட்டோரம் தூக்குவதற்கு எத்தனை கட்டம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். பக்கத்துத் தெருத் தறிக்காரர் பட்டிலேயே நெய்து கொடுத்தார். அந்தத் தறியில் துணியின் முகம் கீழே பார்த்தபடிதான் நெசவு நடக்கும். நெய்கிறவருக்குத் தெரிவது முதுகும் அறுந்த நூலும்தான். அறுத்து எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு பளிச்சென்று இருந்தது. தறிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, வேறென்ன சொல்ல.

தங்கச்சி அதை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“அண்ணா, எம் பொண்ணு செத்துட்டா. இவரு இன்னாத்துக்கு சிரிக்கறாரு?”

நான் பட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அன்றைக்கு எந்தப் பழமொழியும் என் வாயில் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் சேட்டு வந்தார். பிள்ளை போன சேதி அவருக்குப் போனில் தெரியும். திரை எந்த மட்டில் இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக, “அந்த வூட்டுக்குப் போலாம்” என்றார்.

வாசலில் செருப்பை விட்டவர், மாப்பிள்ளை போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. தங்கச்சிக்கு எதிரே தரையில், முட்டி வலியோடு மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேசவில்லை. ஐயோ பாவம் இல்லை, ஆண்டவன் சித்தம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தார். எனக்குத்தான் அவஸ்தையாக இருந்தது. காபி வந்து ஆறிப்போனது. தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். பிற்பாடுதான் சொன்னார், அது அவர்கள் வழக்கமாம். சாவு வீட்டில் துக்கப்படுகிறவர் வாய் திறக்கும்வரை ஆறுதல் சொல்ல வந்தவர் வாய் திறக்கக் கூடாதாம். எங்கள் ஊருக்கு யாராவது இதை முன்னமே சொல்லியிருக்கலாம்.

கடைசியில் தங்கச்சியே பேசினாள்.

“சேட்டு, உங்க சாமிக்கு முகம் இல்லன்னு பாப்பாகிட்ட சொன்னீங்க இல்ல.”

“ஆமாம்மா.”

“உங்க ஊட்ல அந்தம்மா போனாங்களே. அப்ப நீங்க சாமிய ஒண்ணும் கேக்கலியா?”

“கேட்டேன். நல்லா கேட்டேன். திட்னேன்.”

“எந்தப் பக்கம் பாத்து?”

“செவுத்தப் பாத்து” என்றார். “எங்க ஆளுங்க சாமிய ரொம்ப கேள்வி கேப்பாங்கம்மா. பெரிய பெரிய ஞானிங்களே கேட்டிருக்காங்க. இது நியாயமா, நீ பண்றது சரியான்னு நேரா கேப்பாங்க. கேட்டு முடிச்சிட்டு தொழுவாங்க. செத்தவங்களுக்காக ஒரு ஜெபம் இருக்குது எங்ககிட்ட. அதுல சாவுன்னு ஒரு வார்த்த கெடையாது. முழுக்க சாமிய புகழ்றதுதான். நான் பல்லக் கடிச்சிகினு அத சொன்னேன்.”

தங்கச்சி தலையை ஆட்டினாள். பிறகு திரும்பி, படத்தின் அட்டை முதுகைப் பார்த்தாள்.

“எங்க சாமிய என்னால திட்ட முடியல சேட்டு. எல்லாரும் நான் கோவத்துல திருப்பி வெச்சேன்னு நெனச்சிகினு இருக்காங்க. கோவம் இல்ல. வாயத் தொறந்தா அவரு நெஞ்சக் காட்டிகினு நிக்கறாரு. கையப் பாத்தா ஓட்ட. ஊசி குத்திக் குத்தி எம் பொண்ணு கையும் அப்பிடித்தான் இருந்திச்சி. அடிபட்டு நிக்கறவரப் பாத்து ஏன் அடிச்சேன்னு எப்பிடி கேக்கறது? அவரப் பாத்தா பாவமா இருக்குது. கேள்வி தொண்டயிலயே நின்னுடுது. அதான் அந்தப் பக்கம் திருப்பிட்டேன்.”

மாப்பிள்ளை தறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் நாங்கள் ஒரே வீட்டில் ஒரே படத்தைப் பார்த்தவர்கள்தான். சிரிப்புக்கு எத்தனை கட்டம் என்று எண்ணிய எனக்கு, அவள் அந்தக் காயத்தில் தன் பிள்ளையின் கையைப் பார்த்தாள் என்பது தோன்றவே இல்லை. காயத்தை அழித்தபோது நான் அந்தப் பிள்ளையையும் சேர்த்துத்தான் அழித்திருக்கிறேன்.

சேட்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். “நான் உங்க கோயில் ஆளு இல்லம்மா, தப்பா சொன்னா மன்னிச்சிக்கோ. ஆனா, சிலுவையில தொங்கும்போது இவரே கேட்டாரு இல்ல? ஏன் என்ன வுட்டுட்டேன்னு. அது எங்க பழைய பாட்டுல வர்ற கேள்விதான். எங்க ஆளுங்க அவருக்கு முன்னாடியே கேட்டது. இவரும் அதத்தான் கேட்டாரு.”

“யாரப் பாத்து கேட்டாரு?” என்றாள் தங்கச்சி. பதில் அவளுக்கே தெரியும். சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “அவங்க அப்பாவ.”

“ஆமா.”

“அவருக்கு எங்க ஊட்லயும் படம் கெடையாது” என்றாள்.

புறப்படும்போது சேட்டு சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார், அவர் அம்மா செத்தபோது அந்த இடத்தில்தான் சட்டையைக் கிழித்துக்கொண்டாராம். “நெஞ்சுகிட்ட கிழிக்கணும். பெத்தவங்களுக்குக் கிழிச்சத அப்புறம் தெச்சிக்கலாம், ஆனா நேரா தெக்கக் கூடாது. கோணலாத்தான் தெக்கணும். கிழிஞ்சிது தெரியணும்.” பட்டில் ஒரு நூல் அறுந்தாலே உயிர் போனதுபோல் பதறுகிற ஊர் எங்களுடையது. அறுந்த இடம் தெரியாமல் முடிச்சுப் போடுவதைத்தான் நாங்கள் கைவேலை என்போம். தங்கச்சி அவர் விரல் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் நாள் வந்தது. பங்கு ஜனங்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் போட்டோவுக்கு மாலை போட்டு மேசைமேல் வைத்திருந்தார்கள். சுவரில் இயேசு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். “இன்னா இது, படம் அந்தாண்ட பாக்குது?” என்று ஒரு பாட்டியம்மா சத்தமாகவே கேட்டார். மாப்பிள்ளை எழுந்து நாற்காலியை இழுத்தார். தங்கச்சி அவர் கையைப் பிடித்தாள்.

“இருக்கட்டும். அவரு நம்மள பாக்க வாணாம். நம்ம கூட சேந்து உக்காந்து, நாம பாக்கற பக்கமே அவரும் பாக்கட்டும்.”

அப்போதுதான் கவனித்தேன். வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் இருந்தவரும் அதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூட்டத்தின் முன்வரிசையில், நமக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருக்கிற ஆளைப் போல. எல்லாருக்கும் எதிரே வெறும் சுண்ணாம்பு அடித்த சுவர்.

உபதேசியார் நல்ல மனிதர், வயசாளி. படத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு செபமாலையைத் தொடங்கினார்.

தங்கச்சி உதட்டை அசைக்கவில்லை. மற்றவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். எங்கள் பிதாவே என்று கூப்பிடுகிற ஜெபம் வந்தபோது அவள் வாய் திறந்தது.

“பிதாவே” என்றாள்.

ஜெபத்தில் அந்தக் குரலில் சொல்லமாட்டார்கள். பஞ்சாயத்தில் எதிராளியைப் பேர் சொல்லி முன்னே கூப்பிடுவது போல இருந்தது அது. அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள், மகளைப் புதைத்த நாளில் அழாத அழுகை. கூட்டம் கொஞ்சம் தடுமாறி, மிச்ச ஜெபத்தை அவளுக்கும் சேர்த்துச் சொல்லி முடித்தது. மாப்பிள்ளை நாற்காலியை எடுத்துப்போய் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சேட்டுவின் திரை நெய்து முடிந்து பம்பாய்க்குப் போய்விட்டது. கொடியும் மாதுளையும் நன்றாக வந்திருக்கிறது என்று போன் பண்ணினார். நான் வரைந்த சிரிக்கிற இயேசு என் பீரோவில் பேப்பர் சுற்றிக் கிடக்கிறார். தூக்கிப் போடவும் மனசில்லை, எடுத்துப் பார்க்கவும் முகமில்லை.

தங்கச்சி இப்போது பூசைக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிறாள். படம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அண்மையில் ஒருநாள் போனபோது நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். திருப்புகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, அட்டை முதுகில் படிந்த ஒட்டடையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, எதுனா பதில் வந்துச்சா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“வரல அண்ணா” என்றாள், படத்தின் முதுகில் கையை வைத்தபடி. “அவருக்கும்தான் வரல. ரெண்டு பேரும் கேட்டுகினு இருக்கோம்.”

இறங்கி, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு புது பல்பை எடுத்தாள். பழையது காலையில் பியூஸ் போய்விட்டதாம். “மாட்டிக் குடு, எனுக்கு கரண்ட்டுன்னா பயம்” என்றாள். மாட்டினேன். சிவப்பு வெளிச்சம் அந்த அட்டைமேலும், அதற்கப்பால் சுவர்மேலும் விழுந்தது.